இரண்டு சிஎன்சிக்கு நடுவில் ரோபோ போடலாமா? ஜாப் ஒர்க் நடத்துபவர்கள் சொல்லுங்கள்

குறிச்சி லேத் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கோவை குறிச்சி சிட்கோ பக்கம் சின்ன யூனிட் நடத்துகிறேன். கம்ப்யூட்டர் கன்ட்ரோலில் ஓடும் இரண்டு சிஎன்சி டர்னிங் லேத், ஒரு விஎம்சி மில்லிங் மெஷின். ஹைட்ராலிக் லைனுக்குப் போகும் ஃபிளேஞ்சும் அடாப்டரும்தான் முக்கால்வாசி வேலை. இஎன்8 என்கிற எஃகு, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜிங்காக வரும், மெஷினிங் செய்து கொடுக்கிறோம். பதினாலு வகை பார்ட் ஓடுகிறது. ஆர்டரைப் பொறுத்து ஒரு மெஷினில் ஷிஃப்டுக்கு ஒரு முறையாவது வேறு பார்ட்டுக்கு செட்டிங் மாறும்.

பிரச்சினை ஆள்தான். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போன வடநாட்டுப் பையன்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை. நம்மூர்ப் பையன்களுக்கு இரண்டு வருடம் வேலை கற்றுக்கொடுத்தால் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். நைட் ஷிஃப்டுக்கு ஆளே இல்லை, மெஷின் சும்மா நிற்கிறது, இஎம்ஐ மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்தார். இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு சிக்ஸ் ஆக்சிஸ் ரோபோ, பீஸைப் பிடிக்கும் கிரிப்பர், வேலி எல்லாம் சேர்த்து 19 லட்சத்துக்கு கொட்டேஷன். பதினெட்டு மாதத்தில் போட்ட காசு வந்துவிடும் என்கிறார்.

இப்போதைய நிலவரம் இது: சைக்கிள் டைம் (ஒரு பீஸை வெட்டி முடிக்க) 85 செகண்ட், பீஸ் மாற்ற 15 செகண்ட். சாப்பாட்டு நேரம் போக ஷிஃப்டுக்கு ஏழரை மணி நேரம். ஒரு மெஷினில் 180 பீஸ் கிடைக்கிறது. ரோபோ போட்டால் 280 தாண்டும் என்கிறார். லோன் போடுவதற்கு முன்னால் அனுபவப்பட்டவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

---

ஓசூர் இன்டக்ரேஷன்

சார், நான் ரோபோ லைன் போட்டுக் கொடுக்கிற தொழிலில்தான் இருக்கிறேன். அதனால் ரோபோ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 19 லட்சத்தில் என்னென்ன இல்லை என்று பாருங்கள்.

மெஷினுக்கு ஆட்டோ டோர் இருக்கிறதா? இல்லையென்றால் சிலிண்டரும் சென்சாரும் தனியாகப் போட வேண்டும். மெஷின் கன்ட்ரோலில் ரோபோவோடு பேசுவதற்கு இன்புட் அவுட்புட் மீதம் இருக்கிறதா? வாரண்டி காலத்தில் மெஷின் கம்பெனிக்காரரே வந்து கன்ட்ரோலுக்குள் இருக்கும் லேடர் புரோகிராமை மாற்ற வேண்டியிருக்கும், அதற்குத் தனி பில். அப்புறம் முக்கியமானது, பதினாலு பார்ட்டுக்கும் ஒரே கிரிப்பர் விரல் பிடிக்காது. குறைந்தது மூன்று நான்கு செட் விரல், ஒவ்வொரு பார்ட்டுக்கும் ட்ரே, ஒவ்வொன்றுக்கும் புள்ளி கற்றுக்கொடுக்கும் நேரம். செட்டிங் மாறும்போதெல்லாம் மெஷினோடு சேர்த்து ரோபோவையும் செட் செய்ய வேண்டும். அதற்கு உங்களிடம் ஆள் இருக்கிறாரா என்று ஏஜென்ட் கேட்டாரா?

ரோபோ நன்றாகச் சம்பாதித்துக் கொடுக்கும் இடம் ஒரே பார்ட் வாரக்கணக்கில் ஓடும் இடம். உங்கள் பதினாலில் எந்த மூன்று பார்ட் பாதி எண்ணிக்கையைக் கொண்டு வருகிறது என்று பாருங்கள். அந்த மூன்றையும் ஒரே மெஷினில் வைத்து, அந்த மெஷினுக்கு மட்டும் போடுவது வேறு கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018இல் டெஸ்லாவில் மாடல் 3 உற்பத்தி தடுமாறியபோது, ஆட்டோமேஷன் அளவு மீறிப் போனது தவறு, அது என் தவறு என்று ஈலோன் மஸ்க்கே எழுதினார். அங்கே பேட்டரி பேக்கின் மேல் கண்ணாடி இழைப் பாய் ஒன்றை எடுத்து வைக்க ரோபோ போட்டிருந்தார்கள். பஞ்சு மாதிரி இருக்கும் அந்தப் பாயை ரோபோவால் சரியாகப் பிடிக்க முடியவில்லை, லைன் அடிக்கடி நின்றது. கடைசியில் அந்தப் பாய் எதற்கு என்று விசாரித்தால், சத்தம் குறைப்பதற்காம். பாயோடு ஒரு கார், பாய் இல்லாமல் ஒரு கார் என்று சோதித்தார்கள், வித்தியாசமே தெரியவில்லை. பாயையே எடுத்துவிட்டார்கள். என்னிடம் வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்வேன். தேவையே இல்லாத வேலையை ரோபோவிடம் கொடுத்தால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறோம். உங்களிடம் பீஸை எடுத்த பிறகு கையால் ஃபைல் போட்டு பர் (ஓரத்தில் நிற்கும் பிசிறு) எடுக்கிறார்களா? அந்த ஓரத்துக்குப் புரோகிராமிலேயே ஒரு சின்ன சாம்ஃபர் (ஓரச் சரிவு) கொடுத்தால் அந்த வேலையே இல்லாமல் போகலாம். முதலில் அதைப் பாருங்கள்.

---

சோமனூர் ஃபோர்மேன்

தம்பி, ஏஜென்ட் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் கொடுத்த எண்களையே போட்டுப் பார்ப்போம்.

ஏழரை மணி நேரம் என்றால் 27,000 செகண்ட். ஒரு பீஸுக்கு 100 செகண்ட். இப்போதே, ரோபோ இல்லாமலே, 270 பீஸ் வர வேண்டும். உங்களுக்கு வருவது 180. மீதி 90 பீஸுக்கான 9,000 செகண்ட், அதாவது இரண்டரை மணி நேரம், மெஷின் நின்றுகொண்டிருக்கிறது.

ரோபோ அந்த 15 செகண்டை 9 ஆக்கும் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற நிறுத்தமெல்லாம் அப்படியே இருந்தால் ஓடுகிற நேரம் 18,000 செகண்ட்தான். 94ஆல் வகுத்தால் 191. ஷிஃப்டுக்குக் கூடுவது 11 பீஸ். சாப்பாட்டு நேரத்திலும் ஓடினால் இன்னொரு 19. ஏஜென்ட் சொல்கிற 280, மெஷின் காலையிலிருந்து நிற்கவே நிற்காது என்று வைத்துப் போட்ட கணக்கு. மெஷினை நிறுத்துவது லோடிங் இல்லை என்றால் லோடிங்குக்கு ரோபோ வாங்கி என்ன கிடைக்கும்?

அந்த இரண்டரை மணி நேரம் எங்கே போகிறது என்று யாரையும் கேட்காதீர்கள், நீங்களே ஒரு ஷிஃப்ட் முழுக்க மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள். நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், காரணம், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். பையன்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இது உன்னைப் பிடிக்க இல்லை, மெஷினைப் பிடிக்க என்று. சொல்லாமல் உட்கார்ந்தால் அன்றைக்கு மட்டும் எல்லாம் பிரமாதமாக ஓடும்.

என் கணிப்பைச் சொல்கிறேன். செட்டிங்கில் பெரிய துண்டு போகும். அதிலும் பீஸைப் பிடிக்கும் ஜா மாற்றுவதில் போவதைவிடத் தேடுவதிலும் காத்திருப்பதிலும்தான் அதிகம் போகும். சாஃப்ட் ஜா எந்த ரேக்கில் இருக்கிறது, அலன் கீ யார் எடுத்துப் போனார்கள், போரிங் பாருக்கு ஸ்லீவ் எங்கே. முதல் பீஸை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்ஷனுக்குப் போனால் அங்கே அவர் வேறு வேலையில் இருப்பார், மெஷின் கதவைத் திறந்தபடி நிற்கும்.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. ஜப்பானியத் தொழிற்சாலை நிபுணர் ஷிகியோ ஷிங்கோ 1950இல் ஹிரோஷிமாவில் டோயோ கோக்யோ ஆலைக்குப் போனார், இன்றைய மாஸ்டா அதுதான். 800 டன் பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு போல்ட்டைக் காணோம். அதைத் தேடிப் போனவர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேறு மெஷினுக்கான நீளமான போல்ட்டை எடுத்து வெட்டி, மரை போட்டுக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் ஷிங்கோ ஒரு கோடு போட்டார். மெஷின் ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை இந்தப் பக்கம், நின்றால்தான் செய்ய முடிகிற வேலை அந்தப் பக்கம். 1969இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றுக்கு டை மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை ஒன்றரை மணி நேரமாக்கினார், பிறகு மூன்று நிமிடத்துக்குக் கொண்டு வந்தார். அதற்கு ரோபோ எதுவும் வாங்கவில்லை.

உங்கள் கடைக்கு இதை எப்படிச் செய்வது? ஒரு தள்ளுவண்டி போதும். அடுத்த பார்ட்டின் ஜா, இன்செர்ட் (வெட்டும் டிப்), கேஜ், டிராயிங், டூல் ஆஃப்செட் அளவு எழுதிய தாள் எல்லாம் முந்தைய பார்ட் ஓடும்போதே வண்டியில் ஏறிவிட வேண்டும். டூல்களைப் பிடித்திருக்கும் டரட்டில் ஃபேசிங், ரஃபிங், ஃபினிஷிங் டூல்களை எந்தப் பார்ட்டுக்கும் அதே ஸ்டேஷனில் வைத்துவிடுங்கள், கழற்றவே வேண்டாம். ஒரே விட்டத்தில் பிடிக்கிற பார்ட்டுகளை அடுத்தடுத்து ஓட்டினால் ஜாவைத் தொடும் வேலையே குறையும்.

சரி, இப்போது ரோபோவுக்கு வருகிறேன். நீங்கள் ரோபோ கேட்பது உண்மையில் நைட் ஷிஃப்டுக்கு. நைட்டில் ஆள் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் மெஷினுக்கு முதலில் வேண்டியது தானாக நிற்கத் தெரிவது.

எங்கள் அப்பா சோமனூரில் பவர்லூம் வைத்திருந்தார். அந்தச் சாதாரணத் தறியில் ஊடை (குறுக்கு நூல்) அறுந்தால் தறி நின்றுவிடும், அதற்கு ஒரு முள் கரண்டி இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும், துணியில் கோடு விழும். அதனால் ஓட்டுகிறவர் கண் எப்போதும் பாவிலேயே இருக்க வேண்டும். ஒருவர் நாலு தறி, ஆறு தறிக்கு மேல் பார்க்க முடியாததற்கு அது ஒரு பெரிய காரணம். கை வேகமாக இருந்தாலும் கண் அத்தனை இடத்தில் இருக்க முடியாது.

டொயோட்டா குழுமத்தைத் தொடங்கிய சகிச்சி டொயோடா 1924இல் கொண்டு வந்த ஜி வகைத் தறி இந்த இடத்தைத்தான் பிடித்தது. ஒவ்வொரு பாவு நூலிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழும், தறி நின்றுவிடும். ஊடை தீர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே நாடா (ஊடையைக் கொண்டுபோகும் ஓடம்) மாறிக்கொள்ளும். கெட்ட துணி நெய்யவே முடியாத தறி. ஒருவர் முப்பது தறி வரை பார்க்க முடிந்தது. ஜவுளி மெஷினுக்கே பேர்போன இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1929இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு அந்தக் காப்புரிமையை வாங்கினார்கள். கோளாறு வந்தால் மெஷின் தானாக நிற்பதை டொயோட்டாக்காரர்கள் ஜிடோகா என்று சொல்வது அங்கிருந்து வந்ததுதான். பிறகு டாயிச்சி ஓனோ, அவரும் டொயோடாவின் நெசவாலையில் இருந்து வந்தவர், அதைக் கார் தொழிற்சாலை முழுக்கப் பரப்பினார்.

உங்கள் லேத்துக்கு அந்தத் தகடு எது என்று யோசியுங்கள். பீஸ் ஜாவில் சரியாக உட்காரவில்லை என்றால் மெஷினுக்குத் தெரியுமா? இன்செர்ட் முனை உடைந்தால் தெரியுமா? வெட்டும்போது வரும் உலோகச் சுருள் பீஸைச் சுற்றிக்கொண்டால் தெரியுமா? இன்றைக்கு இதையெல்லாம் பார்ப்பது ஆப்பரேட்டரின் கண்ணும் காதும். ரோபோவை வைத்து அவரை எடுத்துவிட்டால் லோடிங் மட்டும்தான் நடக்கும். உடைந்த டிப்போடு விடியும் வரை ஓடி, காலையில் ஒரு ட்ரே ரிஜெக்ஷனைக் கொடுக்கும். நான் இருந்த ஒரு கம்பெனியில் அப்படி ஒரு காலையைப் பார்த்திருக்கிறேன். போரிங் அத்தனையும் அளவு குறைவு, பீஸ்கள் மட்டும் வரிசையாக அழகாக அடுக்கி இருந்தன.

முதலில் மெஷினுக்கு நிற்கக் கற்றுக்கொடுங்கள், அதற்குப் பிறகு கை வாங்குங்கள். 19 லட்சத்தில் சின்னத் துண்டில் இது முடியும். இதை மட்டும் செய்தாலே ஒரு ஆளே இரண்டு மெஷினையும் விஎம்சியையும் பதற்றமில்லாமல் பார்ப்பார்.

---

ஒரகடம் ஷிஃப்ட் பி

அண்ணா, நான் ஆப்பரேட்டராகச் சேர்ந்து இப்போது செட்டராக இருக்கிறேன். எங்கள் லைனில் ரோபோ லோடிங் இருக்கிறது, நானேதான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

ஃபோர்ஜிங்கில் டை சேரும் இடத்தில் ஒரு கோடு வரும், அதில் ஃபிளாஷ் என்கிற பிதுங்கிய உலோகத்தை வெட்டிய மிச்சம் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். டை தேயத் தேய அது கூடும். நல்ல ஆப்பரேட்டர் என்ன செய்வார் தெரியுமா? பீஸை ஜா இருக்கும் சக்கில் வைக்கும்போது லேசாகத் திருப்பி, அந்தத் துருத்தல் இரண்டு ஜாவுக்கு நடுவில் வருகிற மாதிரி பிடிப்பார். கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது, கை தானாகத் திருப்பும். ரோபோ திருப்பாது. ட்ரேயில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுபோய் வைக்கும். துருத்தல் ஜாவுக்கு அடியில் வந்தால் பீஸ் சாய்ந்து உட்காரும், ஃபேஸ் ஓடும், அதாவது முகப்பு நேராக வராது. எங்களுக்கு ஆரம்பத்தில் ரிஜெக்ஷன் வந்தது முழுக்க இதனால்தான். ட்ரேயின் குழியில் ஒரு பின் அடித்து, பீஸ் ஒரே திசையில்தான் உட்காரும் என்று செய்த பிறகுதான் சரியானது. ஃபோர்ஜிங் கொடுக்கிறவரிடமும் ஃபிளாஷ் எவ்வளவு மிச்சம் இருக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்றைக்கு அதை உங்கள் ஆப்பரேட்டரின் கை சமாளித்துக்கொண்டிருக்கிறது, அதனால் உங்கள் கண்ணில் படவில்லை.

சுருளும் அப்படித்தான். இஎன்8இல் ஃபினிஷிங் கட் மெல்லிசாக எடுத்தால் சுருள் உடையாமல் நீளமாக வரும், சக்கைச் சுற்றும். நாம் கொக்கி வைத்து இழுத்துவிட்டு அடுத்த பீஸ் போடுவோம். கொக்கி எடுக்கிற வேலை ஷிஃப்டுக்கு எத்தனை முறை வருகிறது என்று ஃபோர்மேன் சார் சொன்ன தாளில் கட்டாயம் எழுதுங்கள். ஃபீடைக் கொஞ்சம் ஏற்றியோ, ஃபினிஷிங்குக்கான சிப் பிரேக்கர் உள்ள இன்செர்ட் போட்டோ சுருளை உடைக்காமல் ரோபோவை நினைக்கவே வேண்டாம்.

ஆள் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாள் முழுக்கக் கதவைத் திற, பீஸை எடு, பீஸைப் போடு, கதவை மூடு என்று நின்றவள் நான். அந்த வேலைக்கு யாரும் நிற்க மாட்டார்கள், ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் கிளம்பிவிடுவார்கள். எனக்கு ஆஃப்செட் போடவும் ஜா போர் செய்யவும் கற்றுக்கொடுத்த பிறகு எனக்கு வேறு இடம் தேடத் தோன்றவில்லை, சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரி ஏறியது. மெஷின் தானாக நிற்கிற மாதிரி செய்தால் மிச்சமாகிற நேரத்தில் உங்கள் பையனுக்கு செட்டிங் கற்றுக்கொடுங்கள். அவரை எடுத்துவிட்டு ரோபோ போட்டால், ரோபோ நிற்கும்போது யாரைக் கூப்பிடுவீர்கள்?

---

குறிச்சி லேத்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்ட்டிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஃபோர்மேன் ஐயா சொன்ன மாதிரி ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து எழுதினேன். ஒரே ஒரு செட்டிங் மாற்றத்துக்கு 70 நிமிடம். அதில் ஜா மாற்றி போர் செய்தது 25 நிமிடம்தான், முதல் பீஸ் இன்ஸ்பெக்ஷனுக்குக் காத்திருந்தது 20, மீதி டூலும் ஸ்லீவும் தேடியது. சுருள் எடுக்க நிறுத்தியதை எல்லாம் கூட்டினால் 35 நிமிடம் தாண்டியது. ஒரகடம் சகோதரி சொன்னது அப்படியே. பர் எடுக்கும் வேலையும் இருக்கிறது, சாம்ஃபர் புரோகிராமில் சேர்க்க கஸ்டமரிடம் டிராயிங் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு பைக் விலையில் ஹைட் கேஜும் ஒரு சின்ன கிரானைட் பிளேட்டும் வாங்கி மெஷின் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்று இருக்கிறேன், இன்ஸ்பெக்ஷனுக்கு நடக்கும் வேலை போய்விடும்.

ஐயா, தானாக நிற்க வைப்பதை எங்கிருந்து தொடங்குவது? இரண்டு மெஷினிலும் ஃபனுக் கம்பெனி கன்ட்ரோல், புரோகிராமுக்குள் கணக்குப் போட உதவும் மேக்ரோ ஆப்ஷன் இருக்கிறது.

---

சோமனூர் ஃபோர்மேன்

மேக்ரோ இருக்கிறது என்றால் பாதி வேலை முடிந்தது. மூன்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் டிப் ஆயுள். ஒவ்வொரு இன்செர்ட்டுக்கும் ஒரு எண்ணைக் கணக்கு வையுங்கள். #500இலிருந்து தொடங்குகிற வேரியபிளை எடுங்கள், கரண்ட் போய் வந்தாலும் அதில் இருக்கும் எண் அழியாது. பீஸ் முடியும்போது ஒன்று கூட்ட வேண்டும். வரம்பைத் தொட்டால் #3000 வழியாக அலாரம் கொடுக்க வேண்டும், மெஷின் அங்கேயே நிற்கும், திரையில் எந்த டூல் என்று வரும். இந்தச் சோதனையைப் புரோகிராமின் தொடக்கத்தில் வையுங்கள், கட்டிங் நடுவில் நிற்கக் கூடாது. வரம்பை இன்செர்ட் கேட்லாக்கைப் பார்த்துப் போடாதீர்கள். உங்கள் பையன் இப்போது எத்தனை பீஸில் மாற்றுகிறாரோ அதிலிருந்து கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்.

இரண்டாவது சீட்டிங், பீஸ் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பது. ஜாவுக்கு உள்ளே பீஸ் முட்டுகிற ரெஸ்ட் பேடில் சின்னத் துளை போட்டு அதன் வழியாகக் காற்று விட வேண்டும். பீஸ் முழுக்க ஒட்டி உட்கார்ந்தால் காற்று வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும், பிரஷர் ஸ்விட்ச் சிக்னல் கொடுக்கும். அடியில் ஒரு சின்னச் சுருள் இருந்தாலும் அழுத்தம் ஏறாது, சைக்கிள் தொடங்காது. சக் சுற்றுகிற பொருள் என்பதால் காற்றைப் பின்னாலிருந்து கொண்டுவர ரோட்டரி யூனியன் என்கிற சுழலும் இணைப்பு வேண்டும், இதை மட்டும் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக்குத் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். சைக்கிள் ஓடும்போதும் லேசாகக் காற்று போய்க்கொண்டே இருக்கட்டும், இல்லையென்றால் கூலன்ட்டும் தூளும் துளையை அடைத்துவிடும்.

மூன்றாவது விளக்கு. மெஷின் மேலே டவர் லேம்ப் இருக்கிறதே, பல இடத்தில் அதில் பல்பு போய் வருடக்கணக்காக அப்படியே இருக்கும். அதைச் சரிசெய்து, அலாரம் வந்தால் சிவப்பும் பஸ்ஸரும் வருகிற மாதிரி வையுங்கள். விஎம்சியில் நிற்கிற பையன் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்வார்.

இதையெல்லாம் செய்து, அதிகம் ஓடும் மூன்று பார்ட்டில் ஷிஃப்டுக்கு 240 பக்கம் வந்த பிறகு ஓசூர்க்காரரைக் கூப்பிட்டு அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் கொட்டேஷன் கேளுங்கள். அப்போது நைட்டில் ஆள் இல்லாமல் ஓட்டுவதைப் பற்றிப் பேசலாம்.

டிப் மேக்ரோவில் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணைப் பூஜ்யமாக்குவதைப் புரோகிராமில் எழுதிவிடாதீர்கள். ரீசெட் அடித்ததும் தானாகப் பூஜ்யமாகிற மாதிரி சிலர் எழுதிவிடுவார்கள், அவசரத்தில் டிப்பை மாற்றாமலே சைக்கிள் ஸ்டார்ட் அடித்துவிட்டால் பழைய டிப் மறுபடி ஒரு முழு வரம்புக்கு ஓடும். டிப் மாற்றிய ஆள் தன் கையாலேயே பூஜ்யம் போடட்டும், பக்கத்தில் இருக்கும் தாளில் நேரத்தையும் எழுதட்டும்.